புதுப் பிரவுசரில் பழைய வெள்ளம்

"இந்தப் பக்கத்தைக் காட்ட உங்கள் பிரவுசருக்கு வசதி போதாது. புதுப்பித்துக்கொண்டு வரவும்" என்று திரையில் வந்தபோது வேணிக்குக் கோபம் வரவில்லை. எந்த வசதி போதாது என்று தெரிந்துகொள்ளத்தான் தோன்றியது.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் வாழை விவசாயிகள் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு பின்னறை, ஒரு கம்ப்யூட்டர். வேணிதான் அங்கே எழுத்தர். உறுப்பினர்களின் பயிர்க் காப்பீட்டு விண்ணப்பங்களை இணையத்தில் ஏற்றுவது அவளுடைய முக்கியமான வேலை. அந்த வெப்சைட்டைப் புதிதாக மாற்றிய நாளிலிருந்து சங்கத்துக் கம்ப்யூட்டரில் அது திறக்க மறுத்தது. கம்ப்யூட்டருக்குப் பதினான்கு வயது. அதில் இருந்த பிரவுசருக்கும் அதே வயது. வேறு வழியில்லாமல் அவள் விண்ணப்பக் கட்டோடு டவுன் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஜெஸ்வினின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போய் அங்கே உட்கார்ந்து ஏற்றிவிட்டு வந்தாள்.

அப்படிப் போய்வந்த ஒரு வாரத்தில் ஜெஸ்வினிடம் அவள் கேட்காத கேள்வி இல்லை. அவனும் சலிக்காமல் சொன்னான். அவளுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது, வெப்சைட் என்பது எங்கேயோ வரைந்து வைத்த படம் இல்லை என்பதுதான். அந்தப் பக்கத்திலிருந்து வருவது வெறும் குறிப்பு. இங்கே தலைப்பு பெரிதாக, அதன் கீழே ஒரு கட்டம், கட்டத்தில் பெயர் எழுத இடம், ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன் என்று வரிவரியாகச் சொல்லும் குறிப்பு. அதைப் படித்து நம் கண்முன்னால் கட்டி நிறுத்துவது பிரவுசரின் வேலை. பந்தல்காரருக்குப் போனில் சொல்கிறோமே, வாசலில் இரண்டு வாழைமரம், உள்ளே பத்துக்கு இருபது மேடை, பின்னால் சிவப்புத் துணி என்று, அந்த மாதிரி. சொன்னது ஒன்றுதான், கட்டுகிறவரைப் பொறுத்துப் பந்தல் மாறும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் தொழிலை விட்ட பந்தல்காரரிடம் போய் இன்றைக்கு வந்திருக்கும் சாமான்களின் பெயரைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கையை விரிப்பார். சங்கத்துப் பிரவுசர் கையை விரித்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, புதிதாக எதைப் போடுவது? கடையில் மூன்று பிரவுசர் இருந்தன: குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ். மூன்றிலும் அதே காப்பீட்டுப் பக்கத்தைத் திறந்து, மூன்று ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. மூன்றாவதில் பட்டன் ஓரங்கள் கொஞ்சம் வேறு மாதிரி. ஜெஸ்வின் சிரித்தான். முதல் இரண்டுக்கும் உள்ளே ஓடும் இன்ஜின் ஒன்றுதான், மூன்றாவதுக்கு இன்ஜினே வேறு என்றான். வேணிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, மூன்று பேர், இரண்டு இன்ஜின் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இன்ஜின் மக்கர் செய்தால் இன்னொன்று கை கொடுக்கட்டும் என்று, இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு பிரவுசரைத் தேர்ந்தெடுத்தாள். தினப்படிக்கு ஃபயர்ஃபாக்ஸ், அவசரத்துக்கு எட்ஜ்.

ஆனால் பழைய கம்ப்யூட்டரில் புதுப் பிரவுசரை அப்படியே உட்கார்த்தி வைக்க முடியாது, விண்டோஸையே மாற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்றான் ஜெஸ்வின். அதற்குச் சங்கச் செயலாளர் ரெங்கராஜ் சம்மதிக்க வேண்டும்.

ரெங்கராஜுக்குப் புதுப் பிரவுசரைப் பற்றிக் கேள்விப்பட்டதில் ஒரு விஷயம் உறுத்தியது. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளுமாமே, நம்மைக் கேட்காமல் நம் ஆபீசுக்குள் வந்து மாற்றிவிட்டுப் போக அவன் யார் என்று கேட்டார். வேணி அவரிடம் நண்டு வளையைப் பற்றிப் பேசினாள். வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளை போட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகும் அடைக்காமல் வைத்திருந்தால் ஒருநாள் கரையே உடைந்துவிடாதா? பிரவுசரிலும் யாராவது தினம் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். புதுப்பிப்பது பாதிக்கு மேல் அந்த ஓட்டையை அடைப்பதுதான். நம்முடைய பழைய பிரவுசருக்குக் கரை பார்க்க ஆளே இல்லாமல் வருடக்கணக்காகிறது. உறுப்பினர்களின் ஆதார் நம்பரெல்லாம் இத்தனை நாள் அதன் வழியாகத்தான் போய்வந்தது.

ரெங்கராஜும் வாழை போட்டவர், அவருக்கு இது புரிந்தது. "சரிம்மா, பண்ணு. ஆனா ஒரு ஃபைல் குறையக் கூடாது" என்றார்.

ஒன்றும் குறையவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெஸ்வின் வந்து வேலை செய்தபோது வேணி பக்கத்திலேயே இருந்தாள். சங்கத்தின் ஃபைல்கள் எல்லாம் தனிப் பகுதியில் இருந்தன, அதை அவன் தொடவில்லை. வேலைக்கு முன்னால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை என்று எண்ணி எழுதிவைத்தாள். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணினாள். வாழைத்தார் லாரியில் ஏற்றும்போது ஒருவர் எண்ணுவார், இறக்கும்போது ஒருவர் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால் சரக்கு சரி. அந்தச் சங்கத்தில் எதையும் அப்படித்தான் சரிபார்ப்பார்கள். 'வெள்ளக் குறிப்பு' என்ற ஃபோல்டரில் முன்பு நூற்று நாற்பத்தாறு, பின்பும் நூற்று நாற்பத்தாறு. அவள் பக்கத்தில் டிக் போட்டாள். எண்ணினாளே தவிர, ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் பிச்சைமுத்து வந்தார். பனையபுரத்தில் கொள்ளிடம் ஓரமாகப் படுகையில் இரண்டு ஏக்கர் பூவன் வாழை வைத்திருப்பவர். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டாரே ஒழிய உட்காரவில்லை. மேட்டூர் நிரம்பி வழிகிறது, காலை எட்டு மணிக்கு முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள், எண்பத்தைந்தாயிரம் கன அடி என்று போனில் செய்தி வந்திருக்கிறது என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு. தண்ணீர் எத்தனை மணிக்குப் படுகைக்கு வரும், வந்தால் எவ்வளவு ஏறும்?

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தார்கள் முற்ற இன்னும் இருபது நாள் வேண்டும். இப்போது வெட்டினால் காந்தி மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கேட்பார்கள். வெட்டாமல் விட்டு, மூன்று நான்கு அடித் தண்ணீர் இழுப்போடு வந்தால் தாரோடு மரமும் போய்விடும். இரண்டு அடிக்குள் நின்றால் மேட்டுத்துண்டு தப்பிக்கும், பள்ளத்தில் இருக்கும் கீழ்த்துண்டில் மட்டும் வெட்டினால் போதும். நான்கு ஆள் சொல்லிவைத்திருக்கிறார். அவர்களை எங்கே இறக்குவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

"பிலோமின்ராஜ் சார் எழுதி வெச்சது இருக்குல்ல, அதப் பாத்துச் சொல்லு வேணி" என்றார்.

பிலோமின்ராஜ் வேணிக்கு முன்னால் எழுத்தராக இருந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். முக்கொம்பில் ஷட்டர் திறந்த நாளெல்லாம் அவர் செய்த வேலை ஒன்றுதான். திறந்த மணியை எழுதிக்கொள்வார். பிறகு கரையோர உறுப்பினர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டு, தண்ணீர் வந்ததா, எத்தனை மணிக்கு, மோட்டார் கொட்டகைச் சுவரில் எவ்வளவு ஏறியது என்று கேட்டுக்கேட்டு எழுதுவார். அதையெல்லாம் வெப்சைட் பக்கங்கள் மாதிரி செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். சங்கத்தில் வெள்ள நாளில் எல்லோரும் அதைத்தான் கேட்டு வருவார்கள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் வேணி திறந்து, கேட்ட ஊருக்கு நேராக இருந்ததை மட்டும் படித்துச் சொல்லியிருக்கிறாள், எது எங்கே இருந்தது என்று மனதில் நிற்கவில்லை.

இப்போதும் திறந்தாள். கட்டங்கள் சரியாக இருந்தன. நிறங்கள் இருந்தன. ஆனால் தமிழ் இல்லை. தமிழ் இருந்த இடத்தில் எல்லாம் ஆங்கில எழுத்துகள், அதுவும் எந்த மொழியிலும் சேராதபடி, நடுநடுவே அரைப்புள்ளியும் பெரிய எழுத்துமாக இறைந்து கிடந்தன. அடுத்ததைத் திறந்தாள். அதுவும் அப்படியே. எட்ஜில் திறந்தாள். மாற்றமில்லை.

ஜெஸ்வினுக்குப் போன் செய்தாள். அவன் மணப்பாறையில் ஒரு ஸ்கூலில் கேமரா பொருத்திக்கொண்டிருந்தான்.

"எழுத்து ஒண்ணும் அழியலக்கா. அதுக்கான ஃபான்ட்டும் அந்த ஃபோல்டர்லயேதான் இருக்கும். ஆனா அது அந்தப் பழைய பிரவுசருக்குன்னே பூட்டின டப்பா. புதுசு எதுவும் அதத் திறக்காது. சாயங்காலம் வந்து என்ன வழின்னு பாக்குறேன்."

சாயங்காலம் வரை தண்ணீர் காத்திருக்காது என்று அவள் சொல்லும்போதே லைன் கட்டாகிவிட்டது.

இதற்குள் ரெங்கராஜ் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், பிச்சைமுத்துவைப் பார்த்தார், கடைசியில் வேணியைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொன்னேன். ஓடிக்கிட்டிருந்தத எதுக்கும்மா நோண்டினே?"

வேணிக்குக் காது சூடானது. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையாவது பார்த்துக்கொண்டே நின்றால் அவளுக்கு ஒரு பழக்கம், இது ஏன் இப்படி இருக்கிறது என்று தானாகக் கேள்வி எழும். எழுந்தது. தமிழ் எல்லாம் போயிற்றே, எண்கள் மட்டும் ஏன் அப்படியே இருக்கின்றன?

திரையில் தேதி தேதியாகவே இருந்தது. 6.00 என்பது 6.00 ஆகவே இருந்தது. 80000 என்பதில் ஒரு சுழி குறையவில்லை.

அவள் உட்கார்ந்தாள். பூட்டின டப்பா என்று ஜெஸ்வின் சொன்னதை யோசித்தாள். ஆங்கிலக் கீ-போர்டின் மேலே தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்களே, அது ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டருக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, நம்பர்தான் என்று கடையில் ஜெஸ்வின் சொல்லியிருந்தான். அந்தக் காலத்தில் தமிழுக்குத் தனியாக நம்பர் ஒதுக்கியது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால் ஃபான்ட் செய்தவர் ஆங்கில எழுத்தின் நம்பர்மேல் தமிழ் எழுத்தின் உருவத்தை ஒட்டிவிட்டார். பழைய பிரவுசர் ஸ்டிக்கரோடு காட்டியது. புதுப் பிரவுசரிடம் ஸ்டிக்கர் இல்லை, அடியில் இருப்பதைக் காட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்றை நாமும் இப்படித்தானே எழுதுகிறோம்? அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்ட அவருக்கு அவசியம் இருந்திருக்காது.

அப்படியென்றால் இது குப்பை இல்லை. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பின்னால் எப்போதும் ஒரே தமிழ் எழுத்துதான் நிற்கிறது. எது எதற்கு என்று கண்டுபிடித்தால் போதும்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றாள் பிச்சைமுத்துவிடம். அவர் உட்கார்ந்தார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு எண்களை ஒட்டி நிற்பவற்றை முதலில் பார்த்தாள். 6.00, 7.15, 1.45 போன்ற எண்களுக்குப் பின்னால் எல்லா வரியிலும் kzp என்று இருந்தது. புள்ளி வைத்த எண், பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. மணியைத் தவிர வேறு என்னவாக இருக்கும்? அப்படியானால் k என்பது ம. தாளில் எழுதினாள். மணியை அடுத்துச் சின்ன எண்கள், 1.25, 1.50, ஒரு இடத்தில் 4, அவற்றுக்குப் பின்னால் mb என்று இருந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து ரெங்கராஜ் குனிந்து பார்த்தார்.

"எம்.பி.ன்னா டேட்டாதானே? ஒண்ணரை எம்.பி. போட்டிருக்காரு."

"அந்த வெள்ளத்துக்கு எதுக்குங்க டேட்டா" என்றார் பிச்சைமுத்து. "அடியா இருக்கும்."

அடியேதான். வேணி அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொரு வரியும் எந்த வார்த்தையில் தொடங்குகிறது என்று பார்த்தாள். தேதி முடிந்ததும் எல்லா வரியிலும் Kf;nfhk;G என்ற ஒரே வார்த்தை. வெள்ளத்தைப் பற்றிய குறிப்பு எங்கிருந்து தொடங்கும்? தண்ணீர் எங்கிருந்து தொடங்குகிறதோ அங்கிருந்து. முக்கொம்பு என்று எழுதி, அதன் கீழே அந்த எழுத்துகளை ஒன்றொன்றாக அடுக்கினாள். k தான் ம என்று முன்பே தெரியும், அது சரியான இடத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் நின்ற அரைப்புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. நடுவில் f இரண்டு முறை வந்தது, முக்கொம்பில் க இரண்டு முறை வருகிறது. கடைசி G, பு. எல்லாம் பொருந்தியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இனி பனையபுரம் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கைந்து ஊர்கள் இருந்தன. ம் என்று முடிந்து, நடுவில் பு வருவது எது என்று தேடினாள். அந்த இரண்டும் அவளுக்குத் தெரிந்த எழுத்துகள். gidaGuk; என்று ஒன்றே ஒன்றுதான் அப்படி இருந்தது. எழுத்தை எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. இருந்தும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. நேற்று எண்ணிப் பார்த்துத்தானே ஏமாந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். சரிபார்க்க வேறு வழி வேண்டும். நான்கு அடி என்று எழுதியிருந்த வரியைக் கண்டுபிடித்து, அதன் தேதியைப் படித்து, அன்றைக்கு உங்கள் படுகையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பிச்சைமுத்துவைக் கேட்டாள்.

"அத மறக்க முடியுமா? கொட்டகைச் சுவத்துல நாலு அடி. சார்கிட்ட நான்தானே போன்ல சொன்னேன். மோட்டாரே முங்கிப்போச்சு."

அந்த நான்கு, gidaGuk; என்பதற்கு நேராகத்தான் இருந்தது. பனையபுரம் உறுதியாயிற்று.

மணி பத்தேகால். எண்பதாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் நடுவில் எத்தனை வெள்ளம் என்று வேணி பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தாள். இரண்டு கிடைத்தன. இரண்டும் ஒரே வருடம், எட்டு நாள் இடைவெளி. தாளில் எழுதி அவர்கள்முன் வைத்தாள். ஜூலை 29, முக்கொம்பில் காலை 6.00, எண்பதாயிரம், பனையபுரம் 3.00, ஒன்றேகால் அடி. ஆகஸ்ட் 6, முக்கொம்பில் காலை 7.15, எண்பத்திரண்டாயிரம், பனையபுரம் 1.45, ஒன்றரை அடி.

ஏறுவது ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில். பிச்சைமுத்து பெருமூச்சு விட்டார். மேட்டுத்துண்டைத் தொட வேண்டாம்.

ஆனால் நேரம் இடித்தது. முதல் வெள்ளம் வந்துசேர ஒன்பது மணி நேரம் எடுத்திருக்கிறது. இரண்டாவது ஆறரை மணி நேரம். தண்ணீரின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, தூரமும் அதேதான். எட்டு மணிக்குத் திறந்தது ஒன்பது மணி நேரம் என்றால் சாயங்காலம் ஐந்துக்கு வரும். ஆறரை என்றால் மதியம் இரண்டரைக்கே வந்துவிடும். எதை நம்புவது? எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று வேணி மறுபடி தாளைப் பார்த்தாள்.

"நீ படிச்சது சரிதான்" என்றார் பிச்சைமுத்து. "முதல் தண்ணி வரும்போது ஆத்து மணல் காஞ்சு கெடக்கும். அது குடிச்சது போகத்தான் மிச்சம் ஓடிவரும். ரெண்டாம் தண்ணிக்கு மணல் ஏற்கெனவே நனைஞ்சிருக்கும், சும்மா வழுக்கிக்கிட்டு வரும்."

வேணி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். முதல் தண்ணீரில் மட்டும் இரண்டரை மணி நேரத்தை ஆறு குடித்திருக்கிறது.

"இந்த வருஷம் இது எத்தனாவது தண்ணிண்ணே?"

பிச்சைமுத்து எழுந்தேவிட்டார். போன வாரம்தான் இருபதாயிரம் விட்டார்கள். மணல் இன்னும் ஈரம் காயவில்லை.

அப்படியானால் இரண்டரை மணி. அவர் போனை எடுத்து, நான்கு ஆளையும் நேராகக் கீழ்த்துண்டுக்குப் போகச் சொன்னார். ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார், ஒன்றரை மணிக்கு மேல் ஒருத்தரும் பள்ளத்தில் நிற்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேணி மற்ற ஊர்களைப் படிக்க ஆரம்பித்தாள். இப்போது கையில் எழுத்துகள் இருந்ததால் ஒரு ஊர் இன்னொரு ஊரைக் காட்டிக்கொடுத்தது. உத்தமர்சீலி, கிளிக்கூடு, மேலூர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்தந்த ஊர் உறுப்பினர்களுக்கு ரெங்கராஜே போன் போட்டு மணியைச் சொன்னார். கடைசிப் போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜெஸ்வின் வந்ததும் பழசையே திரும்பப் போடச் சொல்லிடுவோமா?"

அவர் குரலில் இப்போது குத்தல் இல்லை, கேள்விதான் இருந்தது. வேணி யோசித்துத்தான் பதில் சொன்னாள். பழையதைப் போட்டால் இந்தப் பக்கங்கள் திறக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கரையில் எத்தனை வளை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, காப்பீட்டுப் பக்கமும் திறக்காது. அதைவிட, எழுத்துதான் தெரிந்துவிட்டதே, நூற்று நாற்பத்தாறையும் இப்போதைய தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டால் எந்தப் பிரவுசரிலும் திறக்கும், உறுப்பினர்களின் போனிலும் திறக்கும். கையால் மாற்றினால் ஒரு மாதம் ஆகும், ஆனால் இந்த மாதிரி ஃபான்ட்டை மாற்றித் தரும் கருவி கட்டாயம் இருக்கும், ஜெஸ்வினைக் கேட்டுப் பார்க்கலாம். தன்மேல் தப்பு, எண்ணியதோடு நிறுத்தியது. இனி மாற்றும் முன்னால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மாற்றுவேன் என்றாள்.

ரெங்கராஜ் தலையை ஆட்டினார். "அப்ப புதுசே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

இரண்டு பத்துக்குப் போன் அடித்தது. பிச்சைமுத்து. பின்னால் தண்ணீரின் இரைச்சல் கேட்டது. கீழ்த்துண்டு ஓரத்தில் நுரை தட்டிவிட்டது என்றார். கணக்கைவிட இருபது நிமிடம் முன்னால். ஆட்கள் மேடேறிவிட்டார்கள். கீழ்த்துண்டில் முக்கால்வாசி வெட்டியாயிற்று, வெட்டாமல் நூற்றைம்பது மரம் நிற்கிறது.

நான்கு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். கொட்டகைச் சுவரில் ஒன்றேமுக்கால் அடி, அதற்கு மேல் அரை மணி நேரமாக ஏறவில்லை. மேட்டுத்துண்டில் ஈரமே படவில்லை. ஆனால் குரலில் நிம்மதி முழுதாக இல்லை. அந்த நூற்றைம்பது மரத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இழுப்பில்லாமல் நிற்கிறது, மரம் ஒன்றும் சாயவில்லை. இரண்டு நாளைக்குள் வடிந்துவிட்டால் வேர் அழுகாது, தார் தேறிவிடும். மூன்றாம் நாளும் நின்றால் எல்லாம் வீண்.

"எப்ப வடியும்னு சார் எழுதியிருப்பாரா வேணி?"

பனையபுரத்துக்கு நேராக, அடிக்கும் அப்பால், இன்னும் ஒரு எண் இருந்தது. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு அவசரத்தில் அதை விட்டுவிட்டாள். 31 என்று இருந்தது, அதன் பின்னால் kzp, அதற்கும் பின்னால் tbe;jJ. மணிதான், ஆனால் கடிகாரத்தில் முப்பத்தொன்று கிடையாது. எத்தனை மணி நேரம் என்ற கணக்காகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வார்த்தையில் b எது என்று அவளுக்குத் தெரியும், அடியில் வந்த டி. மற்ற எழுத்துகளையும் மத்தியானம் ஊர்ப் பெயர்களிலும் குறிப்புகளிலும் பார்த்து எழுதி வைத்திருந்தாள். தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தாள்.

வடிந்தது.

"லைன்லயே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஒரு வரியை மட்டும் நம்பாமல், ஒன்றிரண்டு அடி ஏறிய வெள்ளங்களை எல்லாம் தேடினாள். 31. 28. 34. ஒன்றுகூட நாற்பதைத் தொடவில்லை.

"முப்பத்தஞ்சு மணி நேரத்துக்குள்ள வடிஞ்சிடுதுண்ணே. நாளை ராத்திரிக்குள்ள. ஒவ்வொரு தடவையும்."

மறுமுனையில் அவர் யாரிடமோ திரும்பி, அரிவாளை உள்ளே வைங்கப்பா, மிச்சத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்வது கேட்டது.